ரேடியோவில் இழவு சொன்னவர்

அவர் தெருமுனையில் தலை காட்டினால் போதும், பெண்கள் கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பாள். கடைசியில் யாராவது ஒருத்தி துணிந்து "யாருக்கு?" என்று கேட்பாள். இந்தத் தொல்லை பொறுக்காமல் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். முனை திரும்பும்போதே "சும்மாதான் வர்றேன், சும்மாதான் வர்றேன்" என்று சத்தம் போட்டுக்கொண்டு வருவார். உப்பு வாங்கப் போனாலும் அப்படித்தான். ஒரு வேலையும் இல்லாமல் வருகிறோம் என்பதை ஊருக்கு அறிவித்துக்கொண்டே நடக்க வேண்டிய தலையெழுத்து ரங்கூனில் அந்த ஒரு மனிதருக்குத்தான் இருந்தது.

பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் தாமுவேயிலிருந்து அவர் வகையறாவில் யாராவது கிளம்பி வந்து, எங்கள் பாட்டன் அப்படிப்பட்டவர் இல்லை என்று சண்டை பிடிப்பார்கள். அவர் அப்படிப்பட்டவர்தான். மென்று முழுங்கத் தெரியாதவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த கிறிஸ்தவர் ஆனாலும், "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று சொல்லச் சொன்ன உபதேசியாரிடம், "தூங்குறவரை எழுப்பலாமே, எங்க எழுப்பும் பாப்போம்" என்று கேட்டவர். காலமானார், இறைவனடி சேர்ந்தார் என்ற பேச்செல்லாம் அவரிடம் நடக்காது. செத்துப்போனார் என்றுதான் சொல்வார். கல்யாண வீடுகளில் அவரை யாரும் அழைப்பதில்லை. சாப்பாட்டை மட்டும் இலையில் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, சாம்பாரில் புளி கூடிவிட்டது என்று மறுநாள் அந்தக் கல்யாண வீட்டுக்காரரிடமே சொல்வார்.

இப்போது தின்கன்ஜூனில் என் வீட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் காலையிலிருந்து ரேடியோ பாடுகிறது. பாட்டு முடிந்தால் விளம்பரம், விளம்பரம் முடிந்தால் பாட்டு. என் மருமகள் அதோடு சேர்ந்து முணுமுணுப்பாள். எனக்கு எரிச்சல் வரும். கிழவனுக்குச் சங்கீதம் பிடிக்காது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சங்கீதத்தின் மேல் எனக்கு என்ன விரோதம்? அந்தப் பெட்டி ஒரு காலத்தில் எதற்குப் பயன்பட்டது என்று எனக்குத் தெரியும். அதை எவன் கெடுத்தான் என்றும் தெரியும்.

ரங்கூனில் முதலில் ரேடியோ வைத்தவர்கள் நாலைந்து வெள்ளைக்காரத் துரைமார். ஒரு சங்கம் மாதிரி சேர்ந்து, துறைமுகத்துக்கு எதிரே ஒரு கட்டடத்தின் மாடியில் மெஷினை நிறுத்தி, கூரையில் கம்பி கட்டி, பிடில் வாசிப்பார்கள். குதிரைப் பந்தய முடிவு சொல்வார்கள். துரைசானிகள் பாடுவார்கள். அந்தத் துரைமாரில் ஒருவர் துறைமுக அதிகாரி. பாலம் என்று நாங்கள் சொல்கிற துறைமேடைகளில் எதில் எந்தக் கப்பல் கட்டியிருக்கிறது, எத்தனை கும்பல் ஆள் வேண்டும் என்பதைத் தமிழில் சொன்னால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. மத்தியானச் சோற்று நேரத்தில் அரை மணி ஒதுக்கினார்கள். அதை வாசிக்கத் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த நம்மவரைப் பிடித்துப் போட்டார்கள். அக்கரைக்கும் கேட்கிற தொண்டை அவருக்கு.

கூலி ஆட்கள் ரேடியோவுக்கு எங்கே போவார்கள்? கடைக்காரர்கள்தான் பெட்டி வாங்கி, ஒலிபெருக்கிக் குழாயைத் தெருப் பக்கம் திருப்பி வைத்தார்கள். கூட்டம் சேர்ந்தால் வியாபாரம். நான் அப்போது ஆற்றுக்கு அக்கரையில் டல்லாவில் ஒரு அரிசி மில்லில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் மில் வாசலில் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேவையும் சோறும் விற்கிற கடை வைத்திருந்த டோ மியா என்கிற பர்மாக்காரி கூட ஒரு பெட்டி வாங்கிவிட்டாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது அவளுக்கு. எங்களுக்காகத்தான் வாங்கினாள்.

இழவு சொல்வது தற்செயலாகத்தான் ஆரம்பித்தது. ஒருநாள் கப்பல் விவரம் சீக்கிரம் முடிந்து நேரம் மிச்சம் இருந்திருக்கிறது. அன்று காலையில் படகிலிருந்து விழுந்து ஒரு ஆள் செத்திருந்தான். அவனுடைய மச்சான் கெமண்டைன் பக்கம் ஏதோ ஒரு மில்லில் இருக்கிறான், எந்த மில் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் அதை அப்படியே மைக்கில் சொன்னார். பாடை தூக்குவதற்குள் மச்சான் வந்து சேர்ந்தான். கூடவே முன்பின் தெரியாத இருபது முப்பது பேர் வந்தார்கள்.

ஏன் வந்தார்கள் என்று துரைமாருக்கு விளங்கியிருக்காது. நமக்கு விளங்கும். நல்லதுக்கு அழைத்தால் போகணும், கெட்டதுக்குக் கேட்டாலே போகணும். அழைப்பு கிடையாது. காதில் விழுந்துவிட்டால் போயாக வேண்டும், பகையாளி வீடானாலும். ஊரில் அது ஒரு தெருவோடு, இரண்டு தெருவோடு முடிகிற விஷயம். ரேடியோவில் சொன்னால் ரங்கூன் முழுக்க அல்லவா கேட்டுவிடுகிறது? பெண்டாட்டி பிள்ளையைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்து, மூட்டைக்கு அடியில் கிடந்து செத்தவனுக்குத் தோள் கொடுக்க அந்த ரேடியோ ஆள் திரட்டியது. அதற்குப் பிறகு மாடிப்படியில் தினமும் யாராவது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள்.

சொல்வதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கப்பல் விவரம் முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்பார். இழவு சொல்கிறவன் உட்காரக் கூடாது, சொல்லி முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. முதலில் ஊர். பிறகு தகப்பன் பெயர், ஆள் பெயர், எந்தக் கூலி லைன், எந்தப் பாலத்தில் விழுந்தான், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். கடைசியில், "கேட்டவங்க வரணும்." அவ்வளவுதான். குரலில் அழுகை இருக்காது. டோ மியா கடையில் நாங்கள் சோற்றுக் கையோடு எழுந்து நிற்போம். நாங்கள் எழுந்தால் அவளும் அடுப்பைத் தணித்துவிட்டு எழுந்து நிற்பாள்.

கடைசியில் ஏதோ நீட்டி வாசிக்கிறாயே, அது என்ன என்று ஒரு துரை கேட்டாராம். இன்று யார் யார் புறப்பட்டார்கள் என்ற விவரம் என்று நம்மவர் பதில் சொன்னாராம். துரை தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பாஷை தெரியாதவன் கையில் இருந்தவரை அந்த ரேடியோ எங்களுடையதாக இருந்தது. பாஷை தெரிந்தவன் கைக்குப் போனதும்தான் சனியன் பிடித்தது.

துரைமாருக்கு அந்த விளையாட்டு அலுத்துவிட்டது. மெஷினை விற்றார்கள். வாங்கியவர் கப்பல் மேஸ்திரி. மூட்டை ஏற்றுகிற ஆட்களைக் கும்பல் கும்பலாகப் பிடித்துக் கொடுத்துப் பெரிய முதலாளி ஆனவர். எங்களைப் போலக் கப்பல் மேல்தட்டில் வெயிலில் கிடந்து வந்தவர்தான். அதை மறக்கடிக்கத்தான் கோட்டும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தார். நம்மாள் ஒருவன் ரேடியோவே வாங்கிவிட்டானே என்று நாங்கள் டோ மியா கடையில் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினோம். புத்தி கெட்டவர்கள்.

அரை மணி ஒரு மணி ஆனது. நாடகப் பாட்டுத் தட்டுப் போட்டார்கள். சோப்பு, ஊதுவத்தி, தைலம் என்று அவர் கடைச் சரக்கையெல்லாம் ராகம் போட்டுச் சொன்னார்கள். இழவு மட்டும் கூடாது என்று உத்தரவு. சாப்பிடுகிற நேரத்தில் சாவு என்ன பேச்சு, ஊதுவத்தி வாங்குகிறவன் என்ன நினைப்பான் என்று மேஸ்திரி சொன்னாராம். நம்பாதீர்கள். இழவு கேட்டால் ஆட்கள் கப்பலைப் போட்டுவிட்டுப் போகிறார்கள், அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். அதோடு எந்தப் பாலத்தில் விழுந்தான் என்று வேறு நம்மவர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் மேஸ்திரியின் ஆட்கள் வேலை செய்த பாலங்கள்.

நம்மவர் சண்டை போட்டார். பிறகு அடங்கினார். இதை நான் ஒளிக்கப் போவதில்லை. சோப்பு விளம்பரத்தை அந்தத் தொண்டையால் சொன்னார். சொல்லி முடித்ததும் மாடியிலிருந்து இறங்கி, அன்றைய சாவுகளைக் கால்நடையாகவே போய்ச் சொன்னார். அப்போது ஏற்பட்டதுதான் அந்தச் "சும்மாதான் வர்றேன்." தினமும் எத்தனை வீட்டு வாசலில் போய் நின்றால் ஒரு மனிதனுக்கு அப்படி ஒரு பெயர் வரும், யோசித்துப் பாருங்கள்.

என் அண்ணன் காளிமுத்து மேஸ்திரியின் கும்பலில்தான் இருந்தான். ஒரு காலையில் சங்கிலி அறுந்து மூட்டைக் கட்டு அவன் மேல் விழுந்தது. கூட இருந்தவர்களில் ஒருத்தனையும் மேஸ்திரியின் கம்புக்காரர்கள் கப்பலை விட்டு இறங்கவிடவில்லை. ஆற்றில் கடல் தண்ணீர் ஏறும்போது கப்பல் புறப்பட்டாக வேண்டுமாம். ஒருத்தன் மட்டும் எப்படியோ நழுவி ஓடி, மாடிப்படியில் நம்மவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். தம்பி டல்லா மில்லில் இருக்கிறான், நாலு மணிக்கு எடுக்கிறோம் என்று.

அந்த மத்தியானம் நான் டோ மியா கடையில் அந்தக் குழாய்க்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய குரல்தான். ஊதுவத்தியைப் பற்றிச் சொன்னார். அடுத்து ஒரு வள்ளி திருமணப் பாட்டு போட்டார்கள். நன்றாக இருந்தது. நானும் தாளம் போட்டேன்.

வேலை முடிந்ததும் அவர் ஓடி வந்திருக்கிறார். ஆற்றில் தண்ணீர் இறங்குமுகம், சம்பான் படகுக்காரன் எவனும் அக்கரைக்கு வர மறுத்திருக்கிறான். பொழுது சாய்கிற நேரத்தில் என் லைன் வாசலில் வந்து நின்றார். சும்மாதான் வர்றேன் என்று சொல்லவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. நான் இக்கரை வந்து சுடுகாட்டுக்குப் போனபோது சாம்பல் இருந்தது. கொள்ளி வைத்தவன் யாரோ ஒரு தெலுங்குக்காரன், நல்லவன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

என் பின்னாலேயே வந்து நின்றவரைப் பார்த்ததும் அழுகை நின்று ஆத்திரம் வந்தது. மைக் உங்கள் வாய்க்கு முன்னால் இருந்ததே, ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் என்று கத்தினேன். அவர் வேறு யாரையும் கைகாட்டவில்லை. மேஸ்திரி என்றோ உத்தரவு என்றோ சொல்லவில்லை.

"ஆமா தம்பி. வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. வேலைய விட்டா தமிழ் நேரமே போயிரும்னு நெனச்சேன். நெனச்சது தப்பு."

அதைக் கேட்டு எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ஏதாவது சாக்குச் சொன்னால் நாலு வார்த்தை திட்டலாம். இப்படிச் சொல்கிறவனை என்ன செய்வது?

அந்த வருஷம் மழை பிடிக்கும் முன்பு மேஸ்திரியின் தாய் இறந்துபோனாள். அந்தக் கிழவியை எனக்குப் பார்த்த பழக்கம் உண்டு. காதில் தண்டட்டியோடு மகனுடைய மாடி வீட்டு ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. மேஸ்திரி ரேடியோவுக்குச் சொல்லியனுப்பினார். பாட்டு நிறுத்த வேண்டும். அம்மையார் சிவபதவி அடைந்த செய்தியை விரிவாகச் சொல்ல வேண்டும். அவள் செய்த தான தருமங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி அனுப்பினார். நம்மவர் நேரே மேஸ்திரி வீட்டுக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"ரேடியோவுல சொன்னா கேட்டவங்க வருவாங்க. சம்மதமா மொதலாளி?"

வரட்டும், எல்லாரும் வரட்டும் என்றார் மேஸ்திரி. எல்லாரும் என்றால் அவருக்கு மொகல் தெருக் கடைக்காரர்கள், வக்கீல்கள், மோட்டார் வைத்திருப்பவர்கள். எங்களை மனிதக் கணக்கில் சேர்க்கிற பழக்கமே அவருக்கு விட்டுப்போயிற்று.

டோ மியா கடையில் நாங்கள் சோற்றில் கை வைத்திருந்தோம். பாட்டு நின்றது. செருப்புக் கழற்றுகிற சத்தம் குழாயில் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. தாளில் எழுதியிருந்த எதையும் அவர் வாசிக்கவில்லை.

"ஆலங்கரை. மாடசாமி பெண்சாதி முத்துராக்காயி. கூலிக் கப்பல்ல மகனைத் தேடி வந்த பொம்பள. மகன் வீட்ல செத்துப்போச்சு. நாலு மணிக்கு எடுக்குறாங்க. கேட்டவங்க வரணும்."

ரொம்ப நாள் கழித்துக் கேட்ட அந்தச் சொல்லுக்கு எல்லாரும் எழுந்துவிட்டோம். டோ மியா அடுப்பைத் தணித்துவிட்டு, பேதூலே என்று கேட்டாள், யார் என்று. மேஸ்திரியின் அம்மா என்றேன். அவள் என்னையே பார்த்தாள். என் அண்ணன் கதை அவளுக்குத் தெரியும். எனக்குப் போக இஷ்டமே இல்லை. அந்த ஆள் வீட்டு நிழலில்கூட நிற்கக் கூடாது என்று சபதம் செய்திருந்தேன். ஆனால் காதில் விழுந்துவிட்டதே. கையைக் கழுவிவிட்டு, திட்டிக்கொண்டே சம்பானில் ஏறினேன். படகு நிறைய என்னைப் போலத் திட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான்.

இக்கரையில் பார்த்தால் பாலம் பாலமாக ஆட்கள் இறங்கி வருகிறார்கள். பாதி ஏற்றிய மூட்டை கப்பல் விளிம்பில் தொங்குகிறது. மேஸ்திரியின் ஆட்கள் கம்பை வைத்துக்கொண்டு நின்றார்கள், யாரை அடிப்பது? முதலாளியின் தாய் இழவுக்குப் போகிறவனை எந்த வாயால் தடுப்பது? தெரு அடைத்துவிட்டது. மோட்டார் வண்டிகள் முனையிலேயே நின்றுவிட்டன. வக்கீல்கள் இறங்கி எங்கள் வியர்வைக்கு நடுவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள்.

மேஸ்திரி வீட்டுக் கேட்டைச் சாத்திவைத்திருந்தார்கள். ஆட்களுக்குக் கையில் ஏதாவது கொடுத்துத் திருப்பி அனுப்பு என்று மேஸ்திரி உள்ளேயிருந்து சொன்னது எங்களுக்குக் கேட்டது. கணக்கப்பிள்ளை ஒரு பையோடு வந்தான். அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காசுக்கு வந்தவன் எவன் இங்கே என்று கத்தினேன். இழவு கேட்டு வந்தோம், தோள் கொடுக்க வந்தோம், என் அண்ணனுக்குக் கொடுக்க முடியாத தோள் இது என்று கத்தினேன். மேஸ்திரி வெளியே வந்தார். கோட்டு இல்லை, துண்டு மட்டும். அழுத முகம். யார் உன் அண்ணன் என்று கேட்டார்.

அந்தப் பெயரை அந்த ஆள் காதில் போட எனக்கு மனசில்லை. ஆனால் என் பக்கத்தில் வெறுங்காலோடு ஒருவர் வந்து நின்றார். ரேடியோவை மூடிவிட்டு நேரே வந்திருக்கிறார். மைக் இல்லாமலே அந்தத் தெரு முழுக்கக் கேட்டது.

"கருவேலங்காடு. சோலைமலை மகன் காளிமுத்து. ஒங்க கும்பல். சங்கிலி அறுந்து செத்துப்போனான். தம்பி டல்லாவுல இருக்கான். கேட்டவங்க வரணும்."

மேஸ்திரி கேட்டைத் திறக்கச் சொன்னார். நாங்கள் கிழவியைத் தூக்கினோம். எடை ஒன்றுமே இல்லை அவளுக்கு. நானும் தோள் கொடுத்தேன், முழுத் தூரமும்.

மறுநாள் நம்மவருக்கு வேலை போயிற்று. மழை முடிவதற்குள் மேஸ்திரி ரேடியோவையும் கைமாற்றிவிட்டார். கிராமபோன் தட்டு விற்கிற ஒரு கம்பெனிக்காரன் வாங்கினான். அவனுக்குத் தமிழும் வேண்டாம் கூலிக்காரனும் வேண்டாம். அரிசி விலை, இங்கிலீஷ் டான்ஸ் பாட்டு, அவ்வளவுதான். டோ மியா குழாயைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டாள். எனக்கு அதுவும் ஆத்திரம், இருந்ததைக் கெடுத்தவன்மேல் மட்டும் இல்லை, கேட்பாரில்லாமல் போனதன்மேலும்.

ஆனால் நம்மவர் விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை தோறும் மத்தியானச் சோற்று நேரத்தில் மேஸ்திரி வீட்டுக் கேட்டுக்கு எதிரே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். என் அண்ணன் இழவை அதே முறையில் ஒரு தடவை சொல்வார். சொல்லிவிட்டுப் போய்விடுவார். காவல்காரன் தண்ணீர் ஊற்றியிருக்கிறான், நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறான். எனக்கே தாங்கவில்லை. விட்டுவிடுங்கள், போனவன் போய்விட்டான், அந்த ஆள் வரமாட்டான் என்று சொன்னேன்.

"அவரு காதுல விழுந்தாச்சு. வரலைன்னா கேக்கலைன்னுதானே அர்த்தம். கேக்குற வரைக்கும் சொல்லணும்" என்றார்.

தை மாசத்தில் ஒரு மத்தியானம் மில் லைனில் சலசலப்பாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். மேஸ்திரி தனியாக வந்துகொண்டிருந்தார். வண்டி இல்லை, ஆள் இல்லை, சம்பானில் வந்திருக்கிறார், வேட்டி முழங்கால்வரை சேறு. என் வாசலுக்கு வந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து உள்ளே நுழைந்தார். நான் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் தரையில் உட்கார்ந்தார். "எனக்குச் சொன்னாங்க" என்றார், அவ்வளவுதான். பிறகு எழுந்து, போய்வருகிறேன் என்று சொல்லாமல் போனார். முறை தெரிந்தவர்.

பக்கத்து லைன்காரர்கள் நானும் முறை தெரிந்தவன் என்று பாராட்டினார்கள். அவர் வந்தபோது நான் "வாங்க" என்று சொல்லவில்லை. இழவு கேட்டு வருகிறவரை வாங்க என்று சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். அந்த வழக்கம் இல்லாதிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.